கேட்ட போர்ட்டுக்கு மட்டும்: ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட், செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

200 அறைகள் உள்ள ஓர் ஓட்டல். கேபிள் டிவியை எடுத்துவிட்டு, நெட்வொர்க் வழியாகவே தொலைக்காட்சி தருவதென்று முடிவு செய்கிறார்கள். 40 சேனல்கள், சேனலுக்கு நொடிக்குச் சுமார் 8 மெகாபிட். அறைக்கு அறை தனித்தனியாக அனுப்பினால், எல்லா அறையிலும் டிவி ஓடும் இரவு நேரத்தில் சர்வரிலிருந்து 1,600 மெகாபிட் கிளம்ப வேண்டும். மல்டிகாஸ்ட்டில் அனுப்பினால் எத்தனை பேர் பார்த்தாலும் ஒரு சேனலுக்கு ஒரே பிரதிதான். மொத்தம் 320 மெகாபிட்டைத் தாண்டாது. ஒரு கிகாபிட் கேபிளே தாராளம்.

காகிதத்தில் கணக்கு இவ்வளவுதான். ஆனால் கடையிலிருந்து வாங்கிவந்து அப்படியே மாட்டிய ஸ்விட்ச்சுக்கு மல்டிகாஸ்ட்டை என்ன செய்வதென்று தெரியாது. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, உள்ளே வரும் ஃப்ரேமின் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. மல்டிகாஸ்ட் முகவரி ஒரு குழுவின் முகவரி. அது அனுப்புநர் இடத்தில் வரவே வராது. வராத முகவரியை எப்படிக் கற்றுக்கொள்ள முடியும்? தெரியாத முகவரிக்கு வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடுவது ஸ்விட்ச்சின் பிறவிக்குணம். எனவே 40 சேனலும் 200 அறைக்கும் பாய்கின்றன. அறையில் இருக்கும் செட்டாப் பாக்ஸின் போர்ட் பெரும்பாலும் 100 மெகாபிட்தான். அதற்குள் 320 நுழையாது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விக்குகிறது, டிவி கம்பெனிக்கு போன் போகிறது. டிவி மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்கு வைத்தியமாக வந்ததுதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். ஒரு மல்டிகாஸ்ட் குழுவில் சேர விரும்பும் கருவி, "எனக்கு இந்தக் குழு வேண்டும்" என்று ஐஜிஎம்பி செய்தி அனுப்பும். அது ரௌட்டருக்கான செய்தி. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அதை ஒட்டுக்கேட்டு, "இந்தக் குழு, இந்தப் போர்ட்" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தக் குழுவின் பாக்கெட்டுகள் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் போகின்றன.

ஐஜிஎம்பி 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1112-லேயே இருக்கிறது. ஸ்விட்ச்கள் அதை எப்படி ஒட்டுக்கேட்க வேண்டும் என்று எழுதிய ஆர்எஃப்சி 4541 வந்தது 2006-இல்தான், அதுவும் தகவல் குறிப்பாக மட்டுமே. கட்டாயத் தரநிலை இல்லை. அதனால்தான் ஒரு கம்பெனியின் ஸ்விட்ச் நடந்துகொள்வதுபோல் இன்னொன்று நடப்பதில்லை. ஒட்டுக்கேட்பவருக்கு, யாராவது வாய்விட்டுப் பேசினால்தான் விஷயம் தெரியும். கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

செய்ய வேண்டியவை

● ஒவ்வொரு விலேனிலும் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒரு குவெரியர் இருப்பதை உறுதி செய்யுங்கள்.

வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படியுங்கள். பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல, "எந்தக் குழு யாருக்கு இன்னும் வேண்டும்?" என்று குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பவர் குவெரியர். கேட்டவுடன் கருவிகள் தங்கள் குழுக்களைச் சொல்லும். ஸ்விட்ச் அதைக் கேட்டு அட்டவணையைப் புதுப்பிக்கும். மல்டிகாஸ்ட் ரௌட்டர் இருக்கும் இடத்தில் இந்த வேலையை அதுவே செய்துவிடும். ஒரே விலேனுக்குள் அடங்கிய கேமரா நெட்வொர்க், ஓட்டல் டிவி, அரங்கத்தின் ஒலியமைப்பு போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி ஒரு ரௌட்டர் இருப்பதில்லை. அங்கே ஸ்விட்ச் ஒன்றையே குவெரியராக நியமிக்க வேண்டும்.

நியமிக்காவிட்டால் என்ன ஆகும்? தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கருவி குழுவில் சேரும்போது யாரும் கேட்காமலே ஒருமுறை சொல்லிவிடுகிறது, ஸ்விட்ச் குறித்துக்கொள்கிறது, படம் வருகிறது. அதன்பிறகு யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதுமில்லை. ஐஜிஎம்பி வகுத்த இயல்பு அளவுகளின்படி கேள்விகளுக்கு இடையே 125 நொடி, பதில் சொல்ல 10 நொடி. இரண்டு கேள்விக் காலமும் ஒரு பதில் காலமும் சேர்ந்த 260 நொடிக்குள் பதில் வராத பதிவு அழிந்துவிடும். அதாவது 4 நிமிடம் 20 நொடி. அதற்குமேல் நடப்பது ஸ்விட்ச்சைப் பொறுத்தது. சில அந்தக் குழுவை அப்படியே நிறுத்திவிடும். சில பழையபடி எல்லாப் போர்ட்டுக்கும் கொட்ட ஆரம்பிக்கும். முதல் வகையில் கோளாறாவது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் வகை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

"நாலு நிமிஷம் ஓடுது சார், அப்புறம் நின்னுடுது" என்று யாராவது சொன்னால், கேபிளைப் பிடுங்கிச் சொருகாதீர்கள். குவெரியர் எங்கே என்று தேடுங்கள். கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் ஃபாக், குளோன்சில்லா மூலம் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் இமேஜ் போடுவார்கள். இரண்டும் யுடிபிகாஸ்ட் என்ற மல்டிகாஸ்ட் கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. இமேஜ் பாதியில் நிற்பதற்கும் பல இடங்களில் இதுவே காரணம். மெய்நிகர் கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்னூப்பிங் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும், குவெரியர் இயல்பாகவே ஆஃப் ஆகியிருக்கும்.

● குவெரியரை நடுநாயகமான ஸ்விட்ச்சில் வையுங்கள்.

குவெரியர் இருந்தால் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கேள்வி எந்தப் போர்ட் வழியாக வருகிறதோ, அந்தப் போர்ட்டுக்கு அப்பால் ரௌட்டர் இருப்பதாக ஸ்விட்ச் எடுத்துக்கொள்ளும். எல்லா மல்டிகாஸ்ட் ஓடைகளையும், அங்கே யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த வழியே அனுப்பும். ரௌட்டருக்கு எல்லாமே தேவைப்படலாம் என்பது இதன் தர்க்கம்.

மல்டிகாஸ்ட்டில் அனுப்பும் 64 கேமராக்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 256 மெகாபிட். மூன்றாம் மாடி மூலையில் தொங்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் குவெரியராகிவிட்டால், யாரும் பார்க்காத அந்த 256 மெகாபிட்டும் அந்த மூலைக்குப் போகும் அப்லிங்க்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட குவெரியர் இருந்தால் சிறிய ஐபி முகவரி உள்ளதே தேர்தலில் ஜெயிக்கும். திறமைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. எனவே நடு ஸ்விட்ச்சுக்கு அந்த விலேனிலேயே சிறிய முகவரியைக் கொடுங்கள். இரண்டாவது ஸ்விட்ச்சையும் குவெரியராக இயக்கி வைப்பது நல்லது. முதலாவது சாய்ந்தால் இது பொறுப்பேற்கும், அதற்குச் சற்றேறக்குறைய நாலேகால் நிமிடம் எடுக்கும்.

● குவெரியருக்கு உண்மையான ஐபி முகவரி கொடுங்கள்.

விலேனில் முகவரி இல்லாத சில ஸ்விட்ச்கள் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து கேள்வி கேட்கும். அப்படிக் கேட்பது தேர்தலில் செல்லாது. சில கருவிகள் அதற்குப் பதிலே சொல்லாது.

● குழு முகவரிகளை உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் மல்டிகாஸ்ட்டுக்கென்றே 239 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதிலும் 239.192-இல் தொடங்கி 239.195 வரை உள்ள பகுதி நிறுவன அளவிலான பயன்பாட்டுக்கு உரியது. டிவிக்கு ஒரு பகுதி, கேமராவுக்கு ஒன்று, அறிவிப்பு ஒலிபெருக்கிக்கு ஒன்று என்று பிரித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கருவி தயாரித்தவர் போட்டு அனுப்பிய முகவரியை அப்படியே விட்டால், ஒரே மாடலில் 64 கேமரா வாங்கும்போது 64-உம் ஒரே குழுவில் பேசக்கூடும்.

● கணினி, கேமரா, டிவி மாட்டும் போர்ட்டுகளை ஸ்பானிங் ட்ரீயில் விளிம்புப் போர்ட்டாக அறிவியுங்கள்.

இதற்கும் மல்டிகாஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நெட்வொர்க்கின் வடிவம் மாறிவிட்டதாக ஸ்பானிங் ட்ரீ அறிவித்தால், கேட்டவர்கள் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறார்களோ என்று பல ஸ்விட்ச்கள் சிறிது நேரத்துக்கு எல்லா மல்டிகாஸ்ட்டையும் எல்லாப் போர்ட்டிலும் விடும். சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் இரண்டு பொதுக் கேள்விகள் வரும்வரை இது நீடிக்கும். போர்ட்டை விளிம்பு என்று அறிவிக்காவிட்டால், ஒருவர் தன் மேசைக் கணினியை ஆன் செய்வதைக்கூட நெட்வொர்க் வடிவ மாற்றமாக ஸ்விட்ச் கருதும். காலை ஒன்பதரைக்கு அலுவலகம் திறக்கும்போது மட்டும் கேமராப் படம் துள்ளுகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள். "காலையில் மட்டும் வரும் கோளாறு" என்று பேய்க்கதைபோல் சொல்லப்படுபவற்றில் சில இந்த வகைதான்.

● வாங்கும் முன் விவரத்தாளில் மல்டிகாஸ்ட் அட்டவணையின் அளவைப் பாருங்கள்.

சிறிய ஸ்விட்ச்களில் அது சில நூறு குழுக்கள்தான். நிரம்பிய பிறகு வரும் குழு எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டப்படலாம். ஐபிவி6 இயங்கும் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியும் தன் முகவரிகளுக்காகத் தனித்தனிக் குழுக்களில் சேர்வதால், எம்எல்டி ஸ்னூப்பிங்கையும் (ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கின் ஐபிவி6 வடிவம்) இயக்கினால் அட்டவணை நினைத்ததைவிட வேகமாக நிரம்பும்.

● வைஃபை வழியே மல்டிகாஸ்ட் போக வேண்டுமானால், அதை யூனிகாஸ்ட்டாக மாற்றும் வசதியை ஆக்சஸ் பாயின்ட்டில் இயக்குங்கள்.

காற்றில் போகும் மல்டிகாஸ்ட் ஃப்ரேமுக்கு "கிடைத்தது" என்ற பதில் கிடையாது, தொலைந்தால் மறுபடி அனுப்புவதும் கிடையாது. எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் அனுப்பப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 மெகாபிட்டாகவும், 5 கிகாஹெர்ட்ஸில் 6 மெகாபிட்டாகவும் இருக்கலாம். 8 மெகாபிட் சேனல் இதில் எப்படிப் போகும்? போகாதது மட்டுமில்லை, முயற்சி செய்துகொண்டே அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாரையும் முடக்கிவிடும். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்புவது விரயம்போலத் தெரிந்தாலும், வைஃபையில் அதுவே சிக்கனம்.

● சும்மா கிடக்கும் போர்ட் ஒன்றில் மடிக்கணினியை மாட்டி, எந்தக் குழுவிலும் சேராமல் வயர்ஷார்க்கில் பாருங்கள்.

ஸ்னூப்பிங் வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை இல்லை. கேட்காத போர்ட்டில் வீடியோ ஓடை தெரிந்தால், எங்கோ கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு விஎல்சியில் ஒரு சேனலைத் திறந்து, அந்த ஒன்று மட்டும் வருகிறதா என்று பாருங்கள். 125 நொடிக்கு ஒருமுறை கேள்வி வருவதும் அதே திரையில் தெரியும். எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நியமித்த குவெரியர் அதுதானா? செயற்கையாகச் சுமை ஏற்றிச் சோதிக்க ஐபெர்ஃப் 2 போதும். ஐபெர்ஃப் 3-இல் மல்டிகாஸ்ட் கிடையாது.

● விலேன் தாண்ட வேண்டிய ஓடைக்கு, அனுப்பும் மென்பொருளில் டிடிஎல் மதிப்பைக் கூட்டுங்கள். இயல்பு மதிப்பு பல இடங்களில் 1. முதல் ரௌட்டரிலேயே பாக்கெட் இறந்துவிடும்.

செய்யக்கூடாதவை

✗ கோளாறு வந்தவுடன் ஸ்னூப்பிங்கை அணைக்காதீர்கள்.

அணைத்தால் சரியாகிவிடும், ஆபத்தே அதில்தான். எல்லாம் எல்லாருக்கும் போகும்போது கேட்டவருக்கும் போகத்தானே செய்யும்! 10 கேமரா இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. எண்ணிக்கை 30-ஐத் தொடும்போது கேமராக்களின் 100 மெகாபிட் போர்ட்டிலேயே மற்றக் கேமராக்களின் படம் வந்து மோத ஆரம்பிக்கும். ஒரு கேமராவுக்கு இன்னொரு கேமராவின் படம் எதற்கு? அதற்குள் அணைத்தவர் வேலை மாறிப் போயிருப்பார், ஏன் அணைத்தார் என்று சொல்ல ஆளிருக்காது. தொலைக்காட்சி ஸ்டுடியோக்களில் எஸ்எம்பிடிஇ 2110 முறையில் அழுத்தாமல் அனுப்பும் ஒரு எச்டி ஓடையே 1 கிகாபிட்டைத் தாண்டும். அங்கே ஸ்னூப்பிங் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது.

✗ 239.0.0 என்றும் 239.128.0 என்றும் தொடங்கும் குழு முகவரிகளைப் பயன்படுத்தாதீர்கள்.

காரணம் ஒரு பழைய சிக்கனம். மல்டிகாஸ்ட் ஐபி முகவரியில் குழுவைக் குறிப்பது 28 பிட். அதை ஈதர்நெட் முகவரியாக மாற்றும்போது கடைசி 23 பிட்தான் இடம்பெறுகிறது. ஐபி மல்டிகாஸ்ட்டை வடிவமைத்த ஸ்டீவ் டீரிங் 28 பிட்டுக்கும் இடம் இருக்கும்படி 16 முகவரித் தொகுதிகள் வாங்க விரும்பினாராம். தொகுதி ஒன்றின் விலை 1,000 டாலர். இணைய எண்களை நிர்வகித்த ஜான் போஸ்டல் ஒன்றை மட்டும் வாங்கி, அதிலும் பாதியைத்தான் இந்த வேலைக்குக் கொடுத்தார் என்பது இத்துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒரு ஆராய்ச்சிக்குப் போதும் என்று நினைத்திருப்பார்கள். இன்றுவரை நாம் அந்தப் பாதிக்குள்தான் குடியிருக்கிறோம்.

விடுபட்ட 5 பிட்டால் 32 ஐபி குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 224.1.1.1, 239.1.1.1, 239.129.1.1 மூன்றும் ஸ்விட்ச்சின் கண்ணுக்கு ஒன்றே. ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஸ்விட்ச்களில், முதல் குழுவைக் கேட்டவருக்கு மற்ற இரண்டும் சேர்ந்தே வரும். 239.0.0.5-ஐத் தேர்ந்தெடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அது 224.0.0.5 உடன் ஒன்றாகிவிடுகிறது. 224.0.0 வரிசை நெட்வொர்க்கின் சொந்த நிர்வாகத்துக்கானது. ஓஎஸ்பிஎஃப், விஆர்ஆர்பி போன்றவை அதில் பேசிக்கொள்கின்றன. யாரும் கேட்காவிட்டாலும் அதை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் வீடியோவும் அந்தச் சலுகையில் எல்லாப் போர்ட்டுக்கும் போய்விடும். ஸ்னூப்பிங் சரி, குவெரியர் சரி, ஆனாலும் ஒரு சேனல் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இந்த முகவரியைச் சரிபார்க்கலாம்.

✗ "தெரியாத மல்டிகாஸ்ட்டைத் தடு" என்ற பெட்டியை யோசிக்காமல் டிக் செய்யாதீர்கள்.

பதிவில்லாத குழுக்களைத் தடுப்பது பெரிய வீடியோ நெட்வொர்க்கில் நல்ல பழக்கமே. ஆனால் மலிவான சில ஸ்விட்ச்கள் அதோடு 224.0.0 வரிசையையும் சேர்த்தே தடுத்துவிடும். ரௌட்டர்கள் ஒன்றையொன்று தொலைத்துவிடும். 224.0.0.251-இல் அறிவித்துக்கொள்ளும் பிரின்டர்கள் பட்டியலிலிருந்து மறையும். ஐபிவி6-இல் பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதே 33:33 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் ஃப்ரேம்களால்தான். அவையும் தடுக்கப்பட்டால் ஐபிவி6 அடியோடு நிற்கும். சாதாரண இணையம் ஐபிவி4-இல் ஓடிக்கொண்டே இருப்பதால், "சில வெப்சைட் மட்டும் லேட்டாகத் திறக்குது" என்ற புகாராக மட்டுமே இது வெளியே தெரியும்.

✗ போர்ட்டுக்குப் பின்னால் இன்னொரு ஸ்விட்ச் இருந்தால் ஃபாஸ்ட் லீவ் போடாதீர்கள்.

பார்ப்பவர் சேனலை மாற்றினால் கருவி பழைய குழுவிலிருந்து விலகுவதாகச் சொல்லும். உடனே வெட்டாமல், "வேறு யாருக்காவது வேண்டுமா?" என்று குவெரியர் ஒரு நொடி இடைவெளியில் இருமுறை கேட்கும். பதில் இல்லை என்றால்தான் ஓடை நிற்கும். ஃபாஸ்ட் லீவ் இந்த விசாரணையை விட்டுவிட்டு உடனே வெட்டுகிறது. ஒரு போர்ட்டுக்கு ஒரு டிவி என்றால் மிக நல்ல ஏற்பாடு, சேனல் மாறும் நேரத்தில் இரண்டு ஓடைகள் சேர்ந்து வராது. ஆனால் பெரிய அறை ஒன்றில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் வைத்து இரண்டு டிவி மாட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். படுக்கையறையில் ஒருவர் சேனல் மாற்றினால், கூடத்தில் அதே சேனலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் படம் உறைந்துவிடும். அடுத்த பொதுக் கேள்வி வரும்வரை, அதாவது இரண்டு நிமிடம்வரைகூட, அது மீளாது.

✗ ஐஜிஎம்பி பதிப்புகளைக் கலக்காதீர்கள்.

இரண்டாம் பதிப்பு 1997-இல் வந்தது, மூன்றாவது 2002-இல். குவெரியர் இரண்டாம் பதிப்பில் கேட்டால், மூன்றாம் பதிப்பு தெரிந்த கருவிகளும் இரண்டுக்கு இறங்கிவிடும். "இந்தக் குழு, ஆனால் இந்த அனுப்புநரிடமிருந்து மட்டும்" என்று கேட்கும் வசதி அத்தோடு போய்விடும். 232 என்று தொடங்கும் குழுக்களைப் பயன்படுத்துபவர்களுக்கு இது உயிர்நாடி. எல்லாக் கருவியும் எதை ஆதரிக்கிறது என்று பார்த்து, எல்லா ஸ்விட்ச்சிலும் ஒரே பதிப்பை வையுங்கள்.

✗ விருந்தினரும் மாணவரும் மாட்டும் போர்ட்டிலிருந்து ஐஜிஎம்பி கேள்வியை ஏற்காதீர்கள். சிறிய ஐபி முகவரியோடு ஒரு மடிக்கணினி கேள்வி கேட்கத் தொடங்கினால், அதையே ரௌட்டர் என்று நம்பி எல்லாக் கேமராவின் படத்தையும் ஸ்விட்ச் அதற்கு அனுப்பிவைக்கும். இதைத் தடுக்கும் காவல் அமைப்பு நிர்வகிக்கக்கூடிய பல ஸ்விட்ச்களில் உண்டு.

✗ புயல் கட்டுப்பாட்டின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். ஸ்டார்ம் கன்ட்ரோலுக்கு, வேலையாகப் போகும் மல்டிகாஸ்ட் எது, புயல் எது என்று தெரியாது. 320 மெகாபிட் டிவி வரும் அப்லிங்க்கில் மல்டிகாஸ்ட் எல்லை 100 என்று வைத்தால், 13-ஆவது சேனலிலிருந்து எல்லாமே குதறிப்போகும்.

✗ ஒலியமைப்பு நெட்வொர்க்கில் மின்சேமிப்பு ஈதர்நெட்டை ஆன் செய்து வைக்காதீர்கள்.

டான்டே போன்ற நெட்வொர்க் ஒலிமுறையில் எல்லாக் கருவியும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. போர்ட் தூங்கி விழித்தால் நேரச் செய்தி தாமதமாகும், ஒலியில் 'டப்' என்று வெடிக்கும். டான்டேயைத் தயாரிக்கும் ஆடினேட் கம்பெனியும் இதை அணைக்கத்தான் சொல்கிறது. கூடவே ஒரு நுணுக்கம்: கடிகாரச் செய்தி போகும் குழு 224.0.1.129. பார்வைக்கு 224.0.0 வரிசைபோல இருந்தாலும் அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. ஸ்னூப்பிங்கின் சட்டதிட்டம் முழுவதும் இதற்கும் பொருந்தும், குவெரியர் உட்பட. ஒலி வழக்கமாக யூனிகாஸ்ட்டில் போவதால், குவெரியர் இல்லாத அரங்கில் முதலில் தடுமாறுவது ஒலியைவிடக் கடிகாரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

✗ ஸ்னூப்பிங் இருந்தால் அடுத்த விலேனுக்கும் மல்டிகாஸ்ட் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்னூப்பிங் ஒரு விலேனுக்குள் வேலியடைக்கிறது, அவ்வளவுதான். விலேன் தாண்ட பிஐஎம் போன்ற மல்டிகாஸ்ட் ரௌட்டிங் தனியாக வேண்டும். இணையத்தைத் தாண்டி இன்னொரு ஊரிலிருக்கும் கிளைக்கு அனுப்பலாமே என்றால், சாதாரண இணைப்பில் அது நடக்காது. 1992-இல் எம்போன் என்ற பெயரில் இணையம் முழுக்க மல்டிகாஸ்ட் ஓட்டிப் பார்த்தார்கள். உலகளவில் அது பரவவில்லை. யார் வேண்டுமானாலும் குழுவுக்கு அனுப்பலாம் என்ற பழைய முறையை, நெட்வொர்க்குகளுக்கு இடையே கைவிடும்படி 2020-இல் ஆர்எஃப்சி 8815 பரிந்துரைத்தது. மல்டிகாஸ்ட் இன்று செழித்திருப்பது ஒருவரே ஆளும் நெட்வொர்க்குகளுக்குள்தான்: ஓட்டல், ஸ்டுடியோ, பங்குச்சந்தை, இணைய டிவி தரும் தொலைத்தொடர்புக் கம்பெனி. கிளைக்கு அனுப்ப வேண்டுமானால் டனல் போடுங்கள், அல்லது யூனிகாஸ்ட்டாக மாற்றி அனுப்புங்கள்.

✗ "ஓடுது சார்" என்றவுடன் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையை முடித்துக் கொடுப்பவர் படத்தைக் காட்டுவார், அழகாக ஓடும். 260 நொடிக்கு முன் எந்த நெட்வொர்க்கும் அழகாகத்தான் ஓடும். ஒரே சேனலை மாற்றாமல் குறைந்தது பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அதற்குள் கேட்காத போர்ட்டில் வயர்ஷார்க்கைத் திறந்து பாருங்கள். நடு ஸ்விட்ச்சை ஒருமுறை நாலேகால் நிமிடத்துக்கு மேல் அணைத்து வைத்து, மாற்றுக் குவெரியர் பொறுப்பேற்கிறதா என்று பாருங்கள். குவெரியரின் முகவரி, குழு முகவரிகளின் பட்டியல், எந்தப் போர்ட்டில் ஃபாஸ்ட் லீவ் போட்டிருக்கிறது என்ற விவரம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பில்லைத் தொடுங்கள்.